உருண்டு வரும் கவசக்காரன்

பள்ளங்களைத் தாண்டியாயிற்று, முள் வரிசையையும் தாண்டியாயிற்று. கட்டம் முடிய இன்னும் பாதி தூரம் இருக்கிறது. அப்போது பின்னால் ஒரு கதவு அடைபடுகிறது. அதுவரை துள்ளலாக ஒலித்த இசை மாறுகிறது. திரையின் வலது ஓரத்தில் முதுகு முழுக்க ஓடு போர்த்திய ஒரு விலங்கு நிற்கிறது. நீங்கள் சுடுகிறீர்கள், குண்டு ‘டிங்’ என்று தெறித்துப் போகிறது. மறுபடி சுட்டாலும் அதே ‘டிங்’தான். அது உடலைச் சுருட்டிப் பந்தாகிறது, தரையில் உருண்டு உங்களை நோக்கி வருகிறது.

தாவி ஓடி விளையாடும் பிளாட்ஃபார்ம் வகை வீடியோ கேம்கள் பலவற்றில் இந்தக் கவசக்காரன், அதாவது ஆர்மடில்லோ, ஏதாவது ஒரு வேடத்தில் வந்துவிடுவான். கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை ‘பாஸ்’ என்பார்கள். நடுவழியில் மறிக்கும் சின்னவன் ‘மினி பாஸ்’. வழியில் பார்க்கும் சாதாரண எதிரிகளைப்போல ஒரே அடியில் இவன் விழமாட்டான். இவனை வெல்ல வேண்டுமானால் முதலில் இவன் என்ன செய்கிறான் என்று கவனித்துப் பார்க்க வேண்டும்.

மிகவும் பெயர் பெற்றவனிடமிருந்து தொடங்குவோம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘மெகா மேன் எக்ஸ்’ விளையாட்டில் ‘ஆர்மர்ட் ஆர்மடில்லோ’ என்று ஒரு இயந்திர விலங்கு உண்டு. மினி பாஸ் இல்லை, முழு பாஸ். சுரங்கத்துக்குள் தண்டவாள வண்டியில் பாய்ந்து போய்த்தான் அவனிடம் சேர வேண்டும். கைகளை முன்னால் மடக்கி நின்றால் நம் குண்டுகள் எல்லாம் வீண். சுருண்டுவிட்டாலோ சுவர்களில் மோதி மோதி அறை முழுக்கத் துள்ளுவான். 1999-இல் இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் உருவாக்கிய ‘டாங்கி காங் 64’-இல் வரும் ‘ஆர்மி டில்லோ’ வேறு மாதிரி. ஓட்டுக்குள் புகுந்து உருண்டு துரத்துவான், பிறகு தலையை வெளியே நீட்டுவான். அந்த நேரம் பார்த்து வெடிமருந்துப் பீப்பாயை எடுத்து வீச வேண்டும். ஓடு மூடியிருக்கும்போது வீசினால் பலன் இல்லை.

இந்த இருவரையும் இயக்குவது ஒரே மாதிரியான திட்டம்தான். விளையாட்டை எழுதும் நிரலாளர் இத்தகைய எதிரிக்குச் சில ‘நிலை’களை வகுத்துவிடுவார்: நடப்பது, சுருள்வது, உருள்வது, உருண்டு முடித்து மூச்சு வாங்குவது. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, எப்போது போக வேண்டும் என்பதற்கும் விதிகள் இருக்கும். சுவரில் மோதினால் உருள்வதை நிறுத்து. நிறுத்தினால் ஒன்றரை நொடி திகைத்து நில். ஒன்றரை நொடி முடிந்தால் மறுபடி நட. எதிரியின் ‘புத்தி’ என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தச் சிறிய விதிப்பட்டியல்தான். ஒரு தாளில் நான்கு வட்டம் வரைந்து அம்புக்குறிகளால் இணைத்தால் முழு எதிரியும் தாளில் வந்துவிடுவான்.

அந்த வட்டங்களில் ஒன்றில் மட்டும் கவசம் வேலை செய்யாது. அதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். எப்போதும் மூடியே இருக்கும் எதிரியை யாராலும் வெல்ல முடியாது. எப்போதும் திறந்திருப்பவனை வெல்வதில் சுவை இல்லை. அதனால் மூடல், திறப்பு, மூடல், திறப்பு என்று ஒரு தாளக்கட்டு அமைகிறது. திறப்பதற்குச் சற்று முன் ஒரு அறிகுறியும் கொடுப்பார்கள்: உடல் சிவக்கும், அல்லது ஒரு ஒலி எழும், அல்லது காலை ஒருமுறை தரையில் உதைப்பான். அந்த அறிகுறியைப் பிடிக்கும் குழந்தை ஜெயிக்கிறது. ஒரு நல்ல மினி பாஸ் உண்மையில் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இனி நிஜ விலங்கைப் பார்ப்போம். அதன் கதை விளையாட்டைவிடச் சுவையானது.

ஆர்மடில்லோக்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கைக்குள் அடங்கும் இளஞ்சிவப்புத் தேவதை ஆர்மடில்லோ அர்ஜென்டினாவின் மணலுக்குள் வாழ்கிறது. அதன் எடை 100 கிராமை ஒட்டியே இருக்கும். இன்னொரு எல்லையில் ராட்சத ஆர்மடில்லோ. 30 கிலோவுக்கும் மேல் எடை, வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் நீளம், கறையான் புற்றைப் பிளக்கும் பெரிய நகம். இத்தனை இனங்களில் முழுப் பந்தாகச் சுருளக்கூடியவை இரண்டே இரண்டு. இரண்டும் ‘மூன்று பட்டை ஆர்மடில்லோ’ வகையைச் சேர்ந்தவை. ஒன்று வடகிழக்கு பிரேசிலின் வறண்ட முட்காடுகளில் இருக்கிறது. மற்றொன்று பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா, பிரேசிலின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் இருக்கிறது. மற்ற ஆர்மடில்லோக்கள் எல்லாம் ஆபத்து வந்தால் ஓடும், குழி தோண்டிப் புதையும், அல்லது தரையோடு தரையாக ஓட்டை அழுத்திக்கொண்டு படுத்துவிடும்.

சுருள்வது அவ்வளவு எளிதல்ல. ஆர்மடில்லோவின் ஓடு ஒரே துண்டு கிடையாது. தோலுக்குள்ளேயே வளரும் சிறு சிறு எலும்புத் தகடுகள் வரிசையாக அமைந்து, அவற்றின் மேல் கெரட்டின் என்னும் பொருளாலான செதில் போர்த்தியிருக்கும். நம் நகமும் முடியும் இந்தக் கெரட்டினால் ஆனவைதான். பக்கத்துப் பக்கத்துத் தகடுகளை உறுதியான நார்கள் பிணைக்கின்றன. தகடு கெட்டி, இணைப்பு வளையும். கடித்தால் உடையாமலும், விலங்கு நகரும்போது தடுக்காமலும் இருப்பதன் ரகசியம் இதுதான். தோளில் ஒரு கெட்டி ஓடு, இடுப்பில் ஒரு கெட்டி ஓடு, நடுவில் மடங்கும் பட்டைகள். பட்டைகளுக்கு இடையே மெல்லிய தோல்.

மூன்று பட்டைக்காரனிடம் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. அதன் ஓட்டின் பக்கவாட்டுப் பகுதி உடலோடு ஒட்டாமல் பாவாடைபோலத் தொங்குகிறது. அந்த இடைவெளிக்குள்தான் நான்கு கால்களும் மடங்கிப் போகின்றன. கடைசியில் தலையின் மேலுள்ள தகடும் வாலின் மேலுள்ள தகடும் அருகருகே வந்து பொருந்தி, மிச்சமிருக்கும் வாசலையும் அடைத்துவிடுகின்றன. மென்மையான வயிறு, முகம், பாதம் எல்லாம் உள்ளே போய்விட, வெளியே தெரிவது ஓடு மட்டும். சில சமயம் இது முழுதாக மூடாமல் ஒரு மெல்லிய பிளவை விட்டுவைக்கும். துருவிப் பார்க்கும் விலங்கு மூக்கையோ பாதத்தையோ அதில் நுழைத்தால், படக்கென்று மூடிவிடும். நல்ல வலி கிடைக்கும். ஜாகுவார், பூமா போன்ற பெரிய பூனைகள் எப்போதாவது வெல்லக்கூடும். மற்ற விலங்குகள் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

கவனித்தீர்களா? இந்த விலங்கு பந்தாகிறது, ஆனால் உருள்வதில்லை. யாரையும் தாக்குவதும் இல்லை. பந்தான பிறகு அது செய்யும் ஒரே வேலை அசையாமல் இருப்பது. விளையாட்டு உருவாக்கியவர்கள் ஒரு தற்காப்பை எடுத்துத் தாக்குதலாக மாற்றிவிட்டார்கள். சமதரையில் ஒரு விலங்கால் தானாகவே உருண்டு பாய முடியுமா என்பதை நீங்களே சோதிக்கலாம். காலியான பிளாஸ்டிக் பந்து ஒன்றை இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள்; கத்தி வேலை பெரியவர்களுடையது. ஒரு பாதியின் உட்புறம் களிமண் உருண்டையை அழுத்தி ஒட்டி, இரு பாதிகளையும் டேப்பால் இணையுங்கள். களிமண் பக்கவாட்டில் இருக்கும்படி பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுங்கள். பந்து தானாகவே கொஞ்சம் உருளும்! களிமண் கீழே இறங்கும் ஆற்றல் பந்தை நகர்த்துகிறது. ஆனால் களிமண் அடியைத் தொட்டதும் முன்னும் பின்னும் ஆடி, நின்றுவிடும். தொடர்ந்து உருள வேண்டுமானால் உள்ளே இருப்பவர் அந்தக் கனத்தை மறுபடி மறுபடி மேலே தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கை கால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கும் விலங்கால் அது நடக்காது.

சரிவு இருந்தால் கதை வேறு. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒரு சிலந்தி, தன்னை வேட்டையாடும் குளவியிடமிருந்து தப்பக் கால்களை மடக்கிச் சக்கரமாகி மணல்மேட்டில் உருண்டு இறங்குகிறது. நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகம். வெனிசுவேலாவின் பாறை மலைகளில் ஒரு சின்னத் தேரை உடலை இறுக்கிக்கொண்டு கூழாங்கல்லைப்போல விழுந்து உருள்கிறது. இரண்டுக்கும் ஆற்றல் தருவது புவியீர்ப்பு. இரண்டுமே தப்பித்து ஓடுவதற்காக உருள்கின்றனவே தவிர, பாய்ந்து தாக்க அல்ல.

ஆர்மர்ட் ஆர்மடில்லோ சுவரில் மோதித் துள்ளுவதிலும் ஒரு இயற்பியல் ஒளிந்திருக்கிறது. ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள். திரும்ப எவ்வளவு உயரம் வருகிறது என்று சுவரில் குறியுங்கள். அடுத்த துள்ளல், அதற்கடுத்தது என்று குறித்துக்கொண்டே போங்கள். குறிகள் இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலில் ஒரு பங்கு ஒலியாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. விளையாட்டின் நிரலில் அந்த இழப்பைச் சுழியம் என்று வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் அவன் கடைசி மோதலிலும் முதல் மோதலின் அதே வேகத்தில் வருகிறான்.

அந்த விளையாட்டில் அவனை வீழ்த்தும் வழி மின்சாரம். ‘எலக்ட்ரிக் ஸ்பார்க்’ என்ற ஆயுதம் பட்டால் அவன் கவசம் கழன்று விழுந்துவிடும், பிறகு அவனால் தடுக்க முடியாது. எட்டு பாஸ்களும் ஒரு வளையமாக நிற்கிறார்கள். ஒருவனை வென்றால் கிடைக்கும் ஆயுதம் இன்னொருவனுக்கு எமன். அந்த வளையத்தை முழுமையாக்க இப்படி ஒரு விதி தேவைப்பட்டது. நிஜத்தில் உலோகக் கவசம் மின்னலுக்கு எதிராக நல்ல பாதுகாப்பு. 1836-இல் மைக்கேல் ஃபாரடே உலோகத் தகடு போர்த்திய ஒரு பெரிய கூண்டுக்குள் அமர்ந்து, வெளியே வலுவான மின்பொறிகளைப் பாயவிட்டு, உள்ளே எந்த விளைவும் இல்லை என்று காட்டினார். மின்னூட்டம் உலோகத்தின் வெளிப்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. மின்னல் நேரத்தில் உலோகக் கூரையுள்ள கார் ஓரளவு பாதுகாப்பாக இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் நிஜ ஆர்மடில்லோவின் பலவீனம் எது? எனக்கு இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் விடை யாரும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. அது குளிர்.

எலும்பும் கெரட்டினும் சேர்ந்த ஓடு பல்லைத் தடுக்கும். வெப்பம் வெளியேறுவதைத் தடுக்காது. அடர்ந்த ரோமம் செய்யும் வேலையை அதனால் செய்ய முடியாது. ஆர்மடில்லோவின் உடல் பொதுவாகவே மெதுவாக எரியும் அடுப்பு. நம் உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்றால், இன்னொரு இனமான ஒன்பது பட்டை ஆர்மடில்லோவுக்கு ஏறத்தாழ 33 முதல் 35 வரைதான். அது குளிர்கால உறக்கத்தில் ஆழ்வதும் இல்லை. நிலம் உறைந்து பூச்சிகள் கிடைக்காத நாட்கள் நீண்டால் உயிருக்கே ஆபத்து. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோ பக்கமிருந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாசுக்குள் வந்த இந்த விலங்கு, பிறகு கிழக்கிலும் வடக்கிலும் பரவி நெப்ராஸ்கா, இல்லினாய் வரை போயிருக்கிறது. இன்னும் எவ்வளவு வடக்கே போகும் என்பதைக் குளிர்காலத்தின் கடுமையே தீர்மானிக்கிறது.

இந்தக் குளிர்ந்த உடலால் மனிதர்களுக்கு ஒரு பெரிய நன்மையும் விளைந்தது. தொழுநோயை உண்டாக்கும் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாது. அதற்கு நம் உடலின் குளிர்ந்த பகுதிகளான விரல், மூக்கு, காது போன்றவைதான் பிடிக்கும். ஒன்பது பட்டை ஆர்மடில்லோவின் உடலில் அது நன்றாக வளர்வதை 1970-களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதன்பின் தொழுநோய் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. (காட்டு ஆர்மடில்லோவிடமிருந்து மனிதருக்கும் இந்நோய் தொற்றலாம் என்பதால், அவை வாழும் ஊர்களில் வெறுங்கையால் தொட வேண்டாம் என்று சொல்கிறார்கள்.)

இன்னொரு பலவீனம் சாலை. ஒன்பது பட்டைக்காரன் திடுக்கிட்டால் நின்ற இடத்திலிருந்து நேர் மேலே ஒரு மீட்டர் வரை துள்ளுவான். கடிக்க வந்த விலங்கு மிரண்டு பின்வாங்க இது போதும். மேலே கார் கடந்துபோகும்போது துள்ளினால்? சக்கரத்தில் படாமல் தப்பியிருக்க வேண்டிய விலங்கு காரின் அடிப்பாகத்தில் மோதி இறக்கிறது. பல லட்சம் ஆண்டுகளாக உயிரைக் காத்த பழக்கம், கார் வந்த நூறு ஆண்டுகளுக்குள் எதிராகத் திரும்பிவிட்டது.

மூன்று பட்டைக்காரனுக்கோ மனிதன்தான் ஆபத்து. பந்தாகி அசையாமல் கிடக்கும் விலங்கைப் பிடிக்க வலையோ பொறியோ வேண்டாம். குனிந்து எடுத்துப் பையில் போட்டால் போதும். தேங்காய் அளவுதான் இருக்கும். பிரேசில் இனம் ஒரு காலத்தில் அழிந்தே போயிருக்குமோ என்று அஞ்சப்பட்டு, பிறகு மீண்டும் கண்டறியப்பட்டது. 2014-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியின் சின்னமான ‘ஃபுலேகோ’ இந்த விலங்குதான். காடு சுருங்குவதாலும் வேட்டையாலும் இன்றும் அது அழியும் ஆபத்தில் இருக்கிறது. சின்னமாக ஆக்கிய அளவுக்கு அதன் காட்டைக் காக்கவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நம் பக்கத்துக் காடுகளிலும் சுருளும் கவசக்காரர் ஒருவர் உண்டு: அழுங்கு என்னும் எறும்புத்தின்னி. பார்த்தால் இருவரும் உறவினர் என்றே தோன்றும்; இல்லை. அழுங்கின் செதிலில் எலும்பே கிடையாது, முழுக்கக் கெரட்டின். உறவுமுறையில் அழுங்கு பூனை, நாய் கூட்டத்துக்கு நெருக்கம். ஆர்மடில்லோ, மரத்தில் தொங்கும் ஸ்லாத்துக்கு நெருக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டவுடன் முழு உருண்டையாகும் பெரிய மரவட்டை இனங்களும் இருக்கின்றன. எலும்பு, கெரட்டின், மரவட்டை ஓடு என்று பொருள் வேறு வேறு. வயிற்றை உள்ளே மறை, முதுகை வெளியே காட்டு என்ற யோசனை மட்டும் தனித்தனியாக, மீண்டும் மீண்டும் தோன்றியிருக்கிறது.

பெரிய பாஸ் வேண்டும் என்பவர்களுக்கு: ஒரு சின்னக் கார் அளவுள்ள கிளிப்டோடான்ட் என்னும் விலங்கு தென் அமெரிக்காவில் வாழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் தகடுகள் சேர்ந்த குவிந்த ஓடு அதற்கு. டோடிகுரஸ் என்ற வகைக்கு வாலின் நுனியில் கதாயுதம்போல ஒரு கட்டி வேறு. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கூட்டம் மறைந்தது. 1830-களில் பீகிள் கப்பலில் போன சார்லஸ் டார்வின், இத்தகைய கவசத் தகடுகளின் புதைபடிவங்களை அங்கே பார்த்தார். அதே மண்ணில் உயிரோடு திரியும் ஆர்மடில்லோக்களுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமை அவரை ஆழமாக யோசிக்க வைத்தது. 2016-இல் டோடிகுரஸின் பழைய டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, அது ஆர்மடில்லோ குடும்ப மரத்துக்குள்ளேயே ஒரு கிளை என்று உறுதியானது. அதன் ஓடு ஒரே கெட்டி, சுருளவே முடியாது.

ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி குழு 2017-இல் வெளியிட்ட ‘ஹாலோ நைட்’ விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சிகளின் உலகில் நடக்கும் அதில் ‘எல்டர் பால்டர்’ என்று ஒரு மினி பாஸ். வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் ஓட்டை மூடிக்கொள்ளும், விலகினால் திறக்கும். அதனால் தூரத்தில் நின்று மந்திரத்தால் அதை அடிக்க வேண்டும். அது துரத்தாது, துள்ளாது. நான் அறிந்த விளையாட்டுகளில் நிஜ மூன்று பட்டைக்காரனின் குணத்துக்கு மிக அருகில் வருவது இந்த அசையாத எதிரிதான். அதனால்தான் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, இனி உங்கள் முறை. நான்கு வட்டங்கள் வரைந்து உங்கள் சொந்த மினி பாஸை அமையுங்கள். ஒன்பது பட்டை ஆர்மடில்லோவை எடுத்துக்கொண்டால் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்யலாம். அது ஏறத்தாழ எப்போதும் ஒரே கருவிலிருந்து நான்கு குட்டிகளை ஈனும். நான்கும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். எனவே உங்கள் அறைக்குள் நான்கு பேர் வரட்டும். யார் முன்பு அடிபட்டவர் என்று வீரர் கண்டுபிடிக்கட்டும். திடுக்கிட்டால் நேர் மேலே துள்ளட்டும். அறையின் நடுவில் ஓர் ஆறு வையுங்கள். நிஜத்தில் இது சிறிய ஓடையின் அடித்தரையில் மூச்சை அடக்கி நடந்தே கடக்கும். அகன்ற ஆறு என்றால் காற்றை விழுங்கி வயிற்றை உப்ப வைத்து மிதந்து போகும். சுமார் ஆறு நிமிடம் வரை மூச்சடக்க முடியும் என்பதால், திரையின் மூலையில் ஒரு கடிகாரமும் தேவைப்படும். அறையின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு அளவுகோலையும் பக்கத்தில் வையுங்கள். குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று உங்கள் வீரருக்குச் சொல்லிவிடாதீர்கள்.